கொட்டில் பக்கம்: பகலில் கண் மூடும் பச்சோந்தி

இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஆடு, மாடு, கோழி பற்றியவைதான். கழிச்சல், மடிநோய், சினை நிற்காதது என்று எழுதுவீர்கள். இந்த முறை மூன்று கடிதங்கள் பச்சோந்தியைப் பற்றி வந்திருக்கின்றன. மூன்றிலும் ஓர் உயிர் தவித்துக்கொண்டிருக்கிறது. அதனால் ஆட்டுக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இவற்றுக்கு இப்போதே பதில் சொல்லிவிடலாம்.

பதிலுக்கு முன் பொதுவாக ஒரு சொல். ஆட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் அசை போடுவதை நிறுத்தும். மாட்டுக்கு மூக்கு நுனி வறண்டுபோகும். கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்காரும். பச்சோந்தி அப்படியல்ல. காக்கைக்கும் பாம்புக்கும் பயந்து வாழ்கிற பிராணி அது. நலிந்திருப்பதாகக் காட்டிக்கொண்டால் அன்றைக்கே இரையாகிவிடும். அதனால் நோயை முடிந்தமட்டும் மறைத்து வைக்கும். நம் கண்ணுக்குத் தெரிகிற நாளில் நோய் முற்றியிருக்கும். ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது இதற்குப் பொருந்தவே பொருந்தாது.

கேள்வி 1: எங்கள் தோட்டத்தில் கிளுவை வேலி கழித்தபோது ஒரு பச்சோந்தி கிடைத்தது. நான்காவது படிக்கும் என் மகன் அதைக் கொண்டுவந்து கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்துக்குள் வைத்து வளர்க்கிறான். 11 நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் வெட்டுக்கிளி தின்றது. இப்போது எதையும் தொடவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தும் குடிக்கவில்லை. பாலும் சோறும் வைத்துப் பார்த்தோம். நேற்றிலிருந்து கருத்துப்போய், பகலிலும் கண்ணை மூடிக்கொண்டு தரையிலேயே கிடக்கிறது. பையன் அழுகிறான். என்ன மருந்து கொடுக்கலாம்?
*வாசகி ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்*

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதில் நான்கு அறிகுறிகள் இருக்கின்றன. பகலில் கண் மூடுவது, கருத்த நிறம் மாறாமல் இருப்பது, ஏறாமல் தரையில் கிடப்பது, தீனி எடுக்காதது. நான்கும் சேர்ந்தால் ஆபத்தான நிலை என்று பொருள். எனவே முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். காரணத்தைப் பிறகு பார்க்கலாம்.

பஞ்சாரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஓர் அட்டைப்பெட்டியில் சுற்றிலும் காற்றுத் துளை போட்டு, விரல் தடிமனில் ஒரு குச்சியைக் குறுக்காகச் செருகுங்கள். இலையோடு கூடிய ஒரு வேப்பங்கொத்தையும் வையுங்கள். வயிற்றுக்குக் கீழே கை கொடுத்து, அதுவாகக் கையில் ஏறும்படி தூக்க வேண்டும். வாலைப் பிடித்தோ முதுகை அமுக்கியோ தூக்கக் கூடாது. பெட்டி நிழலில், கோழி, நாய், பூனை, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் இருக்கட்டும்.

அடுத்தது தண்ணீர். பச்சோந்திக்குக் கிண்ணத்துத் தண்ணீரைக் குடிக்கத் தெரியாது. மரத்தில் வாழ்கிற அது, பனியும் மழையும் இலையில் துளியாக நிற்கும்போது நக்கிக் குடித்துப் பழகியது. சுத்தமான கைத்தெளிப்பானில் சாதாரண தண்ணீர் நிரப்பி, இலைகளின் மேல் புகைபோல அடியுங்கள். மருந்தடித்த தெளிப்பானை எத்தனை முறை கழுவியிருந்தாலும் எடுக்க வேண்டாம். துளிகள் உருண்டு நிற்கும்போது அது நக்கத் தொடங்கினால் போதுமான நேரம் விடுங்கள். கால் மணி நேரம்கூடக் குடிக்கும். நக்காவிட்டால் வாயைத் திறந்து ஊற்றாதீர்கள். அதன் மூச்சுக்குழல் வாய்க்குள் முன்பக்கமாகவே திறந்திருக்கிறது. ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குப் போய் அதுவே உயிரை எடுத்துவிடும்.

பால், சோறு இரண்டையும் நிறுத்துங்கள். அது பூச்சி தின்னும் பிராணி. பாலைச் செரிக்கும் வயிறு அதற்கு இல்லை. ஆட்டுக்கு வாங்கி வைத்திருக்கும் குடற்புழு மருந்து, கோழிக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் பொடி எதையும் கொடுக்க வேண்டாம். 30 கிலோ ஆட்டுக்குக் கணக்கிட்ட மருந்தில் ஒரு சொட்டுகூட, கையில் வைத்தால் கனமே தெரியாத இந்த உயிருக்கு அதிகம்.

இவற்றைச் செய்த கையோடு உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். நம் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிப்பதும், வீட்டில் வைத்திருப்பதும், விற்பதும், கொல்வதும் குற்றம். சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. குழந்தை தெரியாமல் செய்தது என்று நீங்கள் தயங்கலாம். தானாக முன்வந்து ‘வேலி கழிக்கும்போது கிடைத்தது, உடம்பு சரியில்லை’ என்று சொல்வதற்கும், மறைத்து வைத்துப் பிறகு பிடிபடுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. உங்கள் கால்நடை மருந்தக மருத்துவரிடமும் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவரும் வனத்துறையும் சேர்ந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்துக்கு அனுப்ப வழி செய்வார்கள்.

‘வேலியிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டால் என்ன?’ என்று கேட்கலாம். பிடித்த அன்றோ மறுநாளோ, கண் விழித்து, கிளையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தால் பிடித்த அதே இடத்தில் விடுவதுதான் நல்லது. இப்போது இருக்கும் நிலையில் விட்டால் இரை பிடிக்க நாக்கை நீட்டத் தெம்பு இருக்காது, காக்கை கொத்திவிடும். இந்த நிலையில் ஒப்படைப்பதே சரி.

இனிக் காரணம். உங்கள் மகன் அன்பாகத்தான் வைத்திருந்தான். ஆனால் பஞ்சாரம் பச்சோந்திக்குச் சிறை. ஏறிப் பிடிக்கக் கிளை இல்லை. குடிக்கத் துளி இல்லை. வெயில் வேண்டும்போது வெயிலுக்கும் போதுமென்றால் நிழலுக்கும் நகர்ந்து, உடம்புச் சூட்டைத் தானே சரிசெய்துகொள்ளும் பிராணி அது. பஞ்சாரத்துக்குள் நகர இடம் இல்லை. எல்லாவற்றையும்விடப் பயம். அதன் இரண்டு கண்களும் தனித்தனியே சுழலும். ஒரே நேரத்தில் முன்னாலும் பின்னாலும் பார்க்கும். ஒளிந்துகொள்ள இலை இல்லாத இடத்தில், சுற்றிலும் கோழியும் நாயும் மனிதர்களும் நிற்பதை 11 நாள் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. தொடர்ந்த பயமே தீனியை நிறுத்திவிடும். தண்ணீரும் இல்லாதபோது கண் உள்வாங்கும், தோல் சுருங்கும், சிறுநீரகம் கெடும்.

பையனிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தின் கடைசி வரியில் அந்தக் கவலைதான் இருக்கிறது. திட்ட வேண்டாம். வனத்துறையிடம் ஒப்படைக்கும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் தெளிக்கும் வேலையை இன்றைக்கு அவனிடமே கொடுங்கள். பிழைக்காமல் போகவும் வாய்ப்பு இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிழைத்தால், அது தன் கிளையில் ஏறுவதைப் பார்க்கும் மகிழ்ச்சி அவனுக்கு இருக்கும். மிச்சமிருக்கும் வேலியில் இன்னொன்று இருந்தால், பிடிக்காமல் தினம் போய்ப் பார்த்து, என்ன நிறம், எந்தக் கிளை, என்ன தின்றது என்று ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். பார்ப்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை.

தொட்ட எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பச்சோந்தி, ஆமை, பல்லி போன்றவற்றின் எச்சத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். சிறு குழந்தைகளுக்கு அது கடும் வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் கொடுக்கும். பஞ்சாரத்தையும் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே கோழிக்குப் பயன்படுத்துங்கள்.

கேள்வி 2: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் ‘யேமன் பச்சோந்தி’ என்று விலை கொடுத்து வாங்கியதை, வேலை மாற்றம் காரணமாக எங்கள் வீட்டில் விட்டுச் சென்றிருக்கிறான். கண்ணாடித் தொட்டியில், ஜன்னல் ஓரம் வெயில் படும்படி வைத்திருக்கிறோம். கடையில் வாங்கும் புழுவைப் போடுகிறோம். இப்போது முன்னங்கால்கள் வளைந்து, நடக்கும்போது நடுங்குகிறது. நாக்கை நீட்டினால் பூச்சி வரை எட்டவில்லை. வயதாகிவிட்டதா?
*வாசகர் ஒருவர், ஈரோடு மாவட்டம்*

பதில்: நண்பரே, வயது காரணம் அல்ல. நல்ல பராமரிப்பில் யேமன் பச்சோந்தி ஐந்தாறு ஆண்டுகள் வாழும். நீங்கள் சொல்வது எலும்பு மெலியும் நோய். வளர்ப்புப் பச்சோந்திகளில் மிக அதிகமாகக் காணப்படும் நோய்களில் ஒன்று. உங்களுக்குப் புரியும்படி சொன்னால், கிளிஞ்சல் கிடைக்காத முட்டைக்கோழி தோல்முட்டை இடுகிறதே, கால் பலமிழந்து உட்கார்ந்துவிடுகிறதே, அதே கணக்கு. உடம்புக்குக் கால்சியம் போதவில்லை. எனவே எலும்பிலிருந்து உருவி எடுத்துக்கொள்கிறது. கால் வளைவது, தாடை ரப்பர் போல மெத்தென்று ஆவது, கிளைப்பிடி தளர்வது, நாக்கு எட்டாமல் போவது எல்லாம் இதன் அடையாளங்கள்.

இரண்டு காரணங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. முதலாவது, ஜன்னல் கண்ணாடி. தின்னும் கால்சியம் உடம்பில் ஒட்ட வைட்டமின் டி வேண்டும். அதைத் தோலில் உண்டாக்குவது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர். வெளிச்சமும் சூடும் கண்ணாடி வழியே வரும். அந்தக் கதிர் வராது. வெயிலில் இருப்பதுபோலத் தெரியும், பலன் இருக்காது. இரண்டாவது, வெறும் புழு. கடைப்புழுவில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம்.

கண்ணாடித் தொட்டியை அப்படியே வெயிலில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். சில நிமிடங்களில் உள்ளே அடுப்பாகி உயிர் போய்விடும். நான்கு பக்கமும் வலை அடித்த, அகலத்தைவிட உயரம் கூடிய கூண்டு வேண்டும். 2 அடி அகலம், 2 அடி ஆழம், 4 அடி உயரம் இருந்தால் நல்லது. உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கிளைகளும், மருந்து படாத செம்பருத்திச் செடித் தொட்டி ஒன்றும் வையுங்கள். யேமன் பச்சோந்தி செம்பருத்தி இலையையும் கொஞ்சம் கடிக்கும்.

காலை இளவெயிலில், கூண்டில் பாதி நிழல் விழும்படி, ஆள் பக்கத்தில் இருக்க, வெளியே வைக்கலாம். வீட்டுக்குள் வைப்பதானால் ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் புற ஊதா விளக்கு பகலில் 10 முதல் 12 மணி நேரம் எரிய வேண்டும். சாதாரண எல்இடி பல்பு இதற்கு உதவாது. அந்த விளக்கு கண்ணுக்கு எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் நாளாக நாளாகக் குறைந்துவிடும். 6 மாதம் முதல் ஓராண்டுக்குள் மாற்ற வேண்டும். குளிர்காயும் கிளையில் 30 டிகிரிக்குச் சற்று மேலும், மற்ற இடங்களில் 25 டிகிரி ஒட்டியும் சூடு இருக்கட்டும். உங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் நிழலிலேயே 38 டிகிரியைத் தாண்டும். அப்போது தனியாகச் சூட்டு விளக்கு தேவையில்லை, குளிர்ச்சிதான் தேவை.

தீனியாகச் சிள்வண்டு, வெட்டுக்கிளி, கரப்பான் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். பூச்சிக்கு முதல்நாளே முருங்கைக்கீரை, கேரட் தின்னக் கொடுத்தால் அந்தச் சத்தும் சேர்ந்து போகும். பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் பொடியைப் பூச்சிமேல் லேசாகத் தூவுங்கள். வைட்டமின் பொடியை மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் போடாதீர்கள், கூடினாலும் கெடுதல். மருந்தடித்த வயலில் பிடித்த பூச்சி வேண்டாம். மின்மினிப் பூச்சி வேண்டவே வேண்டாம், அது பல்லி இனங்களுக்கு நஞ்சு.

இவையெல்லாம் இனிமேல் நோய் கூடாமல் இருக்க. ஏற்கெனவே வளைந்த காலுக்கும் நடுக்கத்துக்கும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ஊர்வன பார்த்துப் பழகிய மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, அதற்கேற்ற அளவில் கால்சியம் கொடுப்பார். அதுவரை கிளைகளைத் தாழ்வாக வையுங்கள். விழுந்தால் எலும்பு முறியும். கையால் இழுத்துத் தூக்காதீர்கள். வளைந்த எலும்பு முழுதாக நிமிராது. ஆனால் உரிய காலத்தில் கவனித்தால் வலி குறைந்து, தானாக இரை பிடிக்கும் அளவுக்குத் தேறக்கூடும்.

இனி வாரம் ஒருமுறை தலை முதல் வால் வரை பார்த்துவிடுங்கள். ஆட்டுக்கு இமையைப் பிதுக்கிச் சோகை பார்ப்பதுபோல இதற்கும் ஒரு வரிசை உண்டு.

*கண்:* கூம்புபோல வெளியே நின்று, ஓயாமல் சுழல வேண்டும். உள்வாங்கினால் நீர்ச்சத்துக் குறைவு அல்லது நாள்பட்ட நோய். வீங்கினால் கிருமித்தொற்றோ வைட்டமின் ஏ குறைவோ இருக்கலாம். இரவில் கண் மூடித் தூங்குவது இயல்பு. பகலில் மூடினால் அன்றைக்கே மருத்துவர்.

*வாய்:* வெயில் நேரத்தில் வாயைத் திறந்தால் சூடு தாங்கவில்லை. நிழலுக்கு மாற்றினால் மூடிவிடும். குளிர்ந்த நேரத்திலும் திறந்து, தலையை மேலே தூக்கி, மூக்கில் நுரையோ சளியோ வந்தால் நுரையீரல் நோய். ஈறில் தயிர்க்கட்டிபோலச் சீழ் தெரிந்தால் வாய்ப்புண். இரண்டுமே வீட்டு வைத்தியத்துக்குக் கட்டுப்படாது.

*கால், வால்:* இடுக்கிபோலக் கிளையைப் பற்ற வேண்டும். பிடி நழுவுவது எலும்பு நோயின் தொடக்கம்.

*தோல்:* துண்டு துண்டாக உரிவது இயல்பு. விரலிலும் வாலிலும் பழைய தோல் வளையமாக இறுகி நிற்கக் கூடாது. விளக்குக்கு மிக அருகில் இருந்தால் முதுகில் சுட்ட புண் வரும்.

*எச்சம்:* பழுப்பு நிறமும் கூடவே வெள்ளைக் கட்டியும் இருக்கும். அந்த வெள்ளை மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மாறினால் தண்ணீர் போதவில்லை. தண்ணீராகக் கழிந்தால் குடற்புழுவாக இருக்கலாம். எச்சத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு போய்ச் சோதிக்கக் கொடுங்கள்.

*வயிறு:* பெண்ணாக இருந்தால் இது முக்கியம். யேமன் பச்சோந்தி, ஆண் இல்லாமலே, கருக்கூடாத முட்டை இடும், கோழியைப் போலவே. வயிறு பருத்து, தீனி குறைந்து, கூண்டின் அடியைப் பிறாண்டினால் முட்டையிட இடம் தேடுகிறது என்று பொருள். ஒரு முழ ஆழமுள்ள வாளியில் கையால் பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரமணல் நிரப்பி, உள்ளே வைத்துத் துணியால் மறைத்துவிடுங்கள். யாராவது பார்ப்பது தெரிந்தால் தோண்டுவதை நிறுத்திவிடும். தோண்டியும் இடாமல் சோர்ந்து படுத்தால் முட்டை அடைத்துக்கொண்டது. கால்சியம் குறைந்த உடம்பில் இது எளிதில் வரும், உயிரையும் எடுக்கும்.

கடைசியாகச் சட்டம். 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டத்தின்படி, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும். யேமன் பச்சோந்தியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. பதிவு ‘பரிவேஷ்’ இணையதளத்தில். உங்கள் மகன் பதிவு செய்தாரா, வாங்கிய ரசீது இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இல்லையென்றால் மாவட்ட வன அலுவலகத்தில் விவரம் சொல்லி வழி கேளுங்கள். உருவத்தையும் ஒருமுறை பாருங்கள். யேமன் இனத்துக்குத் தலையில் கொண்டைபோல உயர்ந்த மகுடம் இருக்கும், ஆணில் நன்றாகவே தெரியும். நம் நாட்டு இனத்துக்கு அது தாழ்வாக இருக்கும். நாட்டு இனமாக இருந்தால் பதிவுக்கே இடமில்லை, முதல் கேள்விக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். எந்தக் காரணத்துக்காகவும் வெளிநாட்டுப் பச்சோந்தியைத் தோட்டத்தில் விட்டுவிடாதீர்கள். அதன் நோய் நம் நாட்டு இனத்துக்குத் தொற்றலாம்.

கேள்வி 3: எங்கள் எலுமிச்சைத் தோட்டத்தில் பச்சோந்திகள் உண்டு. வேலைக்கு வருபவர்கள் விஷம் என்று சொல்லிக் கண்ட இடத்தில் அடிக்கிறார்கள். போன வாரம் பூச்சிமருந்து அடித்த மறுநாள் ஒன்று மரத்தடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தது, சாயங்காலம் செத்துவிட்டது. உண்மையில் விஷமா? மருந்துதான் காரணமா?
*வாசகர் ஒருவர், தென்காசி மாவட்டம்*

பதில்: பச்சோந்திக்கு விஷம் கிடையாது. விஷப்பல்லும் இல்லை, கொட்டவும் தெரியாது. மிரட்டினால் உடம்பை ஊதி, வாயைப் பிளந்து சீறும். பிடித்தால் கடிக்கும், அந்தக் கடி நறுக்கென்று வலிக்கும், அவ்வளவுதான். கழுவினால் போதும். கழுத்து சிவந்து, தலையை ஆட்டிக்கொண்டு வேலியில் ஓடுகிற ஓணானையும் பலர் பச்சோந்தி என்கிறார்கள். பச்சோந்தி ஓடாது. ஓரடி வைத்து, ஆடி நின்று, அடுத்த அடி வைக்கும். வாலைச் சுருட்டும். இரண்டு விரல், மூன்று விரல் எனச் சேர்ந்த இடுக்கிக்கால். ஓணானுக்கும் விஷம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

மருந்துதான் காரணமா என்று பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மருந்தடித்த மறுநாள், நடுக்கம், தரையில் விழுதல் என்று வரிசையாக வரும்போது முதல் சந்தேகம் அதன்மேல்தான். நரம்பைத் தாக்கும் பூச்சிமருந்துகள் பூச்சிக்கும் பச்சோந்திக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. மேலே நேரடியாகப் படலாம். நஞ்சேறிய பூச்சியைத் தின்றும் போகலாம். செத்ததைக் கோழியோ நாயோ தின்ன விடாதீர்கள்.

இனி இப்படி ஒன்று கிடந்தால் கையுறை போட்டு எடுங்கள். தோலில் மருந்து ஒட்டியிருந்தால் மெல்லிய ஓட்டத்தில் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். முகத்தின்மேல் ஊற்ற வேண்டாம். நிழலில், காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் வைத்து, மருந்தின் காலி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரையும் வனத்துறையையும் அழையுங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் மாற்று மருந்து முடிவு செய்ய முடியும். உப்புத் தண்ணீர், மோர், புளிக்கரைசல் எதுவும் வாயில் விட வேண்டாம்.

அப்படி நேராமல் இருக்க வழிகள் உண்டு. பச்சோந்தி பகலில் இலையோடு இலையாக இருப்பதால் தெரியாது. இரவில் கிளை நுனியில் வெளுத்துப்போய்த் தூங்கும். மருந்தடிக்கும் முந்திய இரவு டார்ச் அடித்து ஒரு சுற்று வந்தால் பளிச்சென்று தெரியும். அந்த மரத்தில் ஒரு துணி கட்டிவிட்டு, அதை மட்டும் விட்டு அடிக்கலாம். தோட்டம் முழுக்க அடிக்காமல் பூச்சி கண்ட மரத்துக்கு மட்டும் அடிப்பதும், வேப்பங்கொட்டைக் கரைசலில் தொடங்குவதும் உங்கள் செலவையும் குறைக்கும். வேலி கழிப்பதானால் ஒரே நாளில் மொட்டையடிக்காமல், ஒரு பக்கத்தை இந்த மாதம், மறுபக்கத்தைச் சில மாதம் கழித்து என்று செய்யுங்கள். அதற்குள் அது இடம் மாறிக்கொள்ளும். பயன்படாத வலைகளைத் தோட்டத்தில் போட்டு வைக்காதீர்கள், கால் சிக்கிக்கொள்ளும்.

பெண் பச்சோந்தி முட்டையிட மரத்தைவிட்டு இறங்கி மண்ணைத் தோண்டும். அந்த நேரத்தில்தான் வண்டிப் பாதையிலும் வரப்பிலும் அடிபட்டுச் சாவது நடக்கும். வயிறு பருத்த ஒன்று தரையில் போவதைப் பார்த்தால் நோய் என்று நினைத்துப் பிடிக்க வேண்டாம். கண் விழித்து, நேராக நடந்து போனால் அதன் வேலையாகப் போகிறது என்று அர்த்தம். பாதையைக் கடக்கும்வரை வண்டியை நிறுத்தினால் போதும்.

உங்கள் வேலையாட்களிடம் சட்டத்தைச் சொல்வதைவிட ஒரு கணக்கைச் சொல்லிப் பாருங்கள். வெட்டுக்கிளி, வண்டு, புழு என்று தின்றுகொண்டே கூலி கேட்காமல் மரத்தில் இருக்கிறது. இலையைத் தின்பதில்லை, காயைக் கடிப்பதில்லை. அடித்துக் கொல்வதால் தோட்டத்துக்கு ஒரு காசு லாபம் இல்லை.

கடிதம் எழுதுவோர் கவனத்துக்கு: எந்தப் பிராணியாக இருந்தாலும் அதன் வயது, எத்தனை நாளாக உடம்பு சரியில்லை, என்ன தீனி, தண்ணீர் குடிக்கிறதா, சாணம் அல்லது எச்சம் எப்படி இருக்கிறது, இதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள் என்ற ஆறு விவரங்களையும் எழுதுங்கள். தீனியும் தண்ணீரும் நின்றுபோயிருந்தால் எங்கள் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், பிறகு எங்களுக்கு எழுதுங்கள்.

அடுத்த இதழில், தள்ளிவைத்த ஆட்டுக் கேள்விகள்.